"லீவ்" என்னும் ஒரு சொல்

ஆங்கிலம் கற்போருக்கு இடர் விளைப்பவை அம்மொழியின் நீண்ட சொற்களே எனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. நீண்ட சொல் பெரும்பாலும் ஒரு பொருளையே உடையது. அகராதியைப் புரட்டினால் ஐயம் தீர்ந்துவிடும். நாளாந்தம் வாயில் வழங்கும் சிறு சொற்களே நம்மைத் தடுமாற வைக்கின்றன. அவற்றுள் ஒன்றாகிய "லீவ்" என்பதனை இக்கட்டுரையில் ஆராய்வோம். புலம்பெயர்ந்து இந்நாட்டில் வாழும் நமக்கு இச்சொல்லோடு தனித்த உறவொன்று உண்டு.

மாணவன் ஒருவன் காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகின்றான், அது "லீவ்". குடையைப் பேருந்திலே தவறவிட்டு வருகின்றான், அதுவும் "லீவ்". கதவைத் திறந்தபடியே விடுதல், தம்பியைச் சீண்டாது விடுதல், தட்டில் உணவை மிச்சம் விடுதல் ஆகிய யாவும் "லீவ்". பாட்டனார் தம் காணியைப் பேரனுக்கு எழுதிவைத்து இறப்பதும், துடுப்பாட்ட வீரர் விக்கெற்றுக்கு வெளியே செல்லும் பந்தை ஆடாது விடுவதும், தந்தையார் வேலைத்தலத்திலே பெறும் விடுமுறையும் இதே சொல்லாற் குறிக்கப்படும். இவை போதா என்பது போல, இலையுதிர்காலத்தில் மரங்களினின்று விழும் இலைகளும் பன்மையில் "லீவ்ஸ்" எனப்படுகின்றன.

ஒரு சொல் இத்தனை சுமையைத் தாங்குவது எங்ஙனம்? மொழிநூலார் தரும் விடை சுவையானது. இது ஒரு சொல்லன்று; வெவ்வேறு வேர்களிற் பிறந்து, ஒலி ஒத்தமையால் ஒன்றுபோலத் தோன்றும் மூன்று சொற்கள்.

முதலாவது, வினைச்சொல். பழைய ஆங்கிலத்தில் இதன் பொருள் "எஞ்சியிருக்கச் செய்தல்" என்பதாகும். ஜேர்மனியில் வாழும் நம் உறவினர் "தங்கியிருத்தல்" என்னும் பொருளில் வழங்கும் "ப்ளைபென்" என்னும் சொல்லும் இதே வேரிற் பிறந்ததே. ஒருவன் புறப்படும்போது வீடு பின்னே எஞ்சி நிற்கின்றது. வீட்டை எஞ்சவிடுதலைக் குறித்த சொல், காலப்போக்கிற் புறப்படுதலையே குறிக்கலாயிற்று. பழம்பொருள் இன்றும் கணித வகுப்பிலே வாழ்கின்றது. பத்திலிருந்து மூன்றைக் கழித்தால் ஏழு "லீவ்ஸ்" என ஆசிரியர் கூறுவார். அந்த ஏழு எங்கும் போய்விடவில்லை, மிகுதியாக நிற்கின்றது.

இரண்டாவது, பெயர்ச்சொல். இதன் பொருள் "அனுமதி". நம்புதலைக் குறிக்கும் "பிலீவ்" என்னும் சொல் இதன் உறவினம். ஜேர்மன் மொழியில் அனுமதியைக் குறிக்கும் "எர்லௌப்னிஸ்", விடுமுறையைக் குறிக்கும் "ஊர்லௌப்" ஆகிய இரண்டும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. வேலைக்கு வராதிருக்கப் பெறும் அனுமதியே விடுமுறையாயிற்று.

மூன்றாவது, இலையைக் குறிக்கும் சொல்லின் பன்மை. இதற்கும் ஏனைய இரண்டுக்கும் பொருளளவில் யாதொரு தொடர்பும் இல்லை.

இனி நமது கதைக்கு வருவோம். பிரித்தானியாவின் 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்திலே "லீவ் ரு றிமெயின்" என்னும் தொடர் இடம்பெறுகின்றது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இலங்கையிலிருந்து வந்த தமிழருட் பலர் இத்தொடர் எழுதப்பட்ட கடிதம் ஒன்றுக்காகவே ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர். 2003ஆம் ஆண்டு வரை அவர்களுட் பலருக்கு வழங்கப்பட்டது "எக்செப்ஷனல் லீவ்" என்னும் விதிவிலக்கான அனுமதியாகும். அண்மைக் காலத்திற் சில விதிகளில் "பேர்மிஷன்" என்னும் எளிய சொல் புகுந்துள்ள போதிலும், காலவரையற்ற வதிவிட உரிமைக்கு இன்றும் "லீவ்" என்பதே பெயர்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், இத்தகைய கடிதம் வந்த மாலையில் ஆங்கிலம் அறிந்தவர் பத்து வயது மகள் ஒருத்தியே. அவள் பள்ளியில் நன்றாகப் படிப்பவள். "லீவ்" என்றால் புறப்படுதல் என்பது அவளுக்குத் தெரியும். "எங்களைப் போகச் சொல்லியிருக்கினம் போலக் கிடக்கு அப்பா" என்றாள். அன்றிரவு அவ்வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாள் சட்டத்தரணி ஒருவர் கடிதத்தைப் படித்த பின்னரே, அது இருக்கச் சொன்ன கடிதம் என்பது தெரியவந்தது. பிள்ளையிற் குற்றமில்லை. அவள் அறிந்த பொருளும் சரியானதே. அவள் பார்த்தது வேறொரு சொல்.

2016ஆம் ஆண்டு யூன் 23ஆம் நாள் இதே இரு சொற்களும் எதிரெதிர் அணிகளாய் நின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா என ஐக்கிய இராச்சியத்து மக்கள் வாக்களித்தபோது, "றிமெயின்" ஒரு பக்கமும் "லீவ்" மறுபக்கமுமாயின. 51.9 வீதத்தினர் "லீவ்" என்றனர். வாக்குச்சீட்டிற் பகைத்து நின்ற சொற்கள் அகதியின் கடிதத்திற் கைகோத்து நிற்கின்றன. முன்னையது வினை; பின்னையது பெயர். வேறுபாடு அவ்வளவே.

மாணவச் செல்வங்களே, தமிழ் வகுப்பிலே பெயர் எது, வினை எது எனப் பிரித்தறியக் கற்பிக்கும்போது, "இது எமக்கு எதற்கு?" என உங்களுட் சிலர் வினவுகின்றீர்கள். இதற்குத்தான். "லீவ்" வினையாயின் புறப்படுதல் அல்லது விடுதல். பெயராயின் பெரும்பாலும் அனுமதி. "வழங்கப்பட்டது", "மறுக்கப்பட்டது" என்னும் பொருளுடைய சொற்கள் அதனோடு வந்தால் அது பெயரே எனத் துணிக.

இதற்கு நிகரான சொல் தமிழிலும் உண்டு. வினையாயின் "விடு", பெயராயின் "விடை". விட்டு நீங்குதல், விட்டுவைத்தல், போகவிடுதல் யாவும் "விடு" என்பதன் பொருள்கள். விடுமுறை, விடுதலை, விடுதி ஆகியன அதன் பிள்ளைகள். "கெடு" என்பது "கேடு" என நீள்வது போல, "விடு" என்பது நீண்டு "வீடு" ஆயிற்று. "விடை" என்பதோ மறுமொழியையும் குறிக்கும், அனுமதியையும் குறிக்கும். பிரியும்போது விடைபெறுகின்றோம்; அஃதாவது, போவதற்கு அனுமதி கேட்கின்றோம். ஆங்கிலேயரும் பிரியும்போது "லீவ்" எடுப்பதாகவே கூறுவர். இலையைக் குறிக்கும் சொல் ஒலியால் மட்டும் ஒத்து நிற்பது போல, சிவபெருமான் ஏறும் எருதுக்கும் "விடை" என்றே பெயர்!

ஊரை விட்டுப் புறப்பட்ட நம்மிற் பலர் எவரிடமும் விடைபெறாமலே புறப்பட்டோம். வந்த நாட்டில் இருப்பதற்கு விடை கேட்டுக் காத்திருந்தோம். இரண்டையும் ஒரே சொல்லிற் சுருக்கி வைத்திருக்கின்றது ஆங்கிலம்.

பெற்றோரே, அரசாங்கக் கடிதமோ மருத்துவமனைக் கடிதமோ வரும்போது, அதனைப் பிள்ளையின் கையிற் கொடுத்துவிட்டு அதன் முகத்தை மட்டும் பார்த்திருக்க வேண்டாம். அருகே அமருங்கள். பிள்ளைக்குச் சொல் தெரியும். உங்களுக்கு அலுவல் தெரியும். இரண்டும் சேர்ந்தாலே பொருள் துலங்கும். ஐயம் இருப்பின், அறிந்தவர் ஒருவரைக் கேட்கும்வரை முடிவு எதனையும் எடுக்காதீர்கள். பத்து வயதுத் தோள்களில் ஒரு குடும்பத்தின் பாரத்தை ஏற்றுதல் முறையன்று.