நிழலைப் பார்த்து நோயை அறிதல்

நிமோனியா என்பது தனியொரு நோயின் பெயரன்று. நுரையீரலின் காற்றறைகளில் அழற்சியும் நீரும் தேங்கிய நிலைக்கே அப்பெயர். இன்புளுவென்சா வைரசும் அதனை உண்டாக்கும், கொரோனா வைரசும் உண்டாக்கும், வைரசே அல்லாத பாக்டீரியாவும் உண்டாக்கும். காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் ஆகியன எல்லாவற்றுக்கும் பொது. மருந்தோ பொதுவன்று. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து வைரசை ஒன்றும் செய்யாது. ஆகவே பிரித்தறிதல் இன்றியமையாததாகிறது.

காற்று நிறைந்த நுரையீரல் எக்ஸ்ரே படத்தில் கருமையாகத் தோன்றும்; நீர் தேங்கிய இடம் வெளுத்திருக்கும். பாக்டீரியாவால் வந்ததாயின் பெரும்பாலும் ஒரு மடலை மட்டும் பற்றி அடர்ந்த வெண்மையாய் நிற்கும். வைரசால் வந்தது பெரும்பாலும் இருபுறமும் மெல்லிய மூட்டம்போலப் பரவும். அம்மூட்டத்தினூடே இரத்தக் குழாய்களின் உருவம் தெரியும். இதற்கு மருத்துவர் இட்ட பெயர் ‘மங்கல் கண்ணாடி’. குளியலறைச் சன்னலில் நாம் காணும் கண்ணாடியேதான், நல்ல உவமை. கோவிட் நோயில் இம்மூட்டம் நுரையீரலின் வெளி ஓரங்களிலும் கீழ்ப்பகுதியிலும் மிகுதி. சி.டி. படத்தில் இது தெளிவாகப் புலப்படும்; சாதாரண எக்ஸ்ரேயோ தொடக்க நாள்களில் ஒன்றுமில்லையென்று காட்டிவிடுதலும் உண்டு. ஆனால் இன்புளுவென்சாவும் சில வேளைகளில் இதே கோலம் கொள்ளும். படம் நோயுற்ற இடத்தைக் காட்டுமேயன்றிக் கிருமியின் பெயரைச் சொல்லாது.

இரத்தமும் ஓரளவே உதவும். பாக்டீரியா தாக்கினால் நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் பெருகும்; புரோகால்சிடோனின் என்னும் பொருளும் ஏறும். வைரசாயின் பொதுவாக அவ்வாறு ஏறுவதில்லை. 2003ஆம் ஆண்டின் சார்ஸ் நோயிலும் பின்னர் வந்த கோவிட்டிலும் லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் பலருக்குக் குறைந்தன. டெங்கியிலும் வெள்ளணுக்கள் குறையும் என்பதுதான் நம் வட்டாரத்துச் சிக்கல்.

2020இல் சிங்கப்பூரில் இருவருக்கு நேர்ந்ததைக் காண்க. காய்ச்சலோடு வந்த அவர்களின் இரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. விரைவுச் சோதனையும் டெங்கி என்றே காட்டியது. கொசுவால் பரவும் டெங்கிக்கு மூச்சுக்காற்றைப் பற்றிய அச்சமில்லையாதலால், தனியறை வேண்டுமென்ற எண்ணம் எழவில்லை. பிறகு வைரசின் மரபணுவையே தேடும் சோதனை செய்யப்பட்டது. இருவருக்கும் இருந்தது கொரோனா வைரஸ். டெங்கி என்று காட்டிய அதே இரத்தத்தை மீண்டும் சோதித்தபோது டெங்கி இல்லை.