கணக்கு உங்கள் பெயரில், இரகசிய இலக்கம் யார் கையில்?



கட்டாரிலோ சவூதியிலோ உழைக்கும் கணவர் மாதாமாதம் பணம் அனுப்புகிறார். மடவளையில் இருக்கும் மனைவியின் பெயரிலுள்ள கணக்கில் அது வந்து விழுகிறது. வங்கியின் செயலியும் அவருடைய கைத்தொலைபேசியில்தான் இருக்கிறது. ஆனால் அதைத் திறப்பது யார்? மகன் திறக்கிறான், இல்லாவிட்டால் மச்சினன் திறக்கிறார். இரகசிய இலக்கமும் அவர்களுக்குத்தான் மனப்பாடம். “எவ்வளவு மகன் மிச்சமிருக்கு?” என்று தன்னுடைய பணத்தைப் பற்றியே உம்மா பிள்ளையிடம் கேட்கிறார்.

உங்கள் வீட்டிலும் இதுதான் வழக்கமா? அப்படியானால் இக்கட்டுரை உங்களுக்குத்தான்.

கணக்குத் திறக்கும் நாளில் வங்கி ஊழியர் செயலியைப் போட்டுத் தருகிறார். அதன் பிறகு அது உறங்கிவிடுகிறது. அதை எழுப்புவதற்காக வங்கிகள் பரிசுச் சீட்டிழுப்பும் விலைக்கழிவும் அறிவிக்கின்றன. ஆனால் பெண்கள் விலகி நிற்பது பரிசு போதாமல் அல்ல. தவறான இடத்தில் விரல் பட்டால் பணம் போய்விடுமோ என்ற பயம், விளங்காத ஆங்கிலச் சொற்கள், கேட்டால் சிரிப்பார்களோ என்ற வெட்கம் ஆகிய மூன்றும்தான் காரணம்.

கடைக்காரர் கற்றுக்கொடுத்த பாடம்

2007இல் கென்யாவில் எம்-பெசா என்ற கைத்தொலைபேசிப் பணச்சேவை ஆரம்பமானது. அது ஏழைக் குடிசைகள்வரை போய்ச் சேர்ந்ததற்கு முக்கிய காரணம் விளம்பரம் அல்ல. தெருமுனைக் கடைக்காரரே அதன் முகவராக இருந்தார். தெரிந்த மனிதர் தெரிந்த மொழியில் சொல்லிக்கொடுத்தார். அச்சேவையினால் சுமார் 1,85,000 பெண்கள் விவசாய வேலையிலிருந்து வியாபாரத்துக்கு மாறினார்கள் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

நம் நாட்டிலும் 2012இல் டயலொக் நிறுவனம் ஈஸி கேஷ் சேவையைத் தொடங்கியபோது அதே வழியைத்தான் பிடித்தது. சாதாரணப் பொத்தான் போனிலும் அது வேலை செய்தது. ரீலோட் போடும் கடையிலேயே பணத்தைக் கொடுக்கவும் எடுக்கவும் முடிந்தது. 2015இல் லங்காபேயின் முறை வந்தபின் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் சில நொடிகளில் பணம் அனுப்ப முடிகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் வந்து வாசற்படி தாண்ட முடியாமல் இருந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். செயலியைத் தானே இயக்கத் தெரிந்தவருக்கு அன்று வீட்டுக்குள்ளேயே வங்கி இருந்தது.

இது மார்க்கத்துக்கு அந்நியமா?

இல்லை. மஹர் பெண்ணுக்கே உரியது. அவளுடைய சம்பாத்தியமும் அவளுக்கே உரியது. கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்று கற்பிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. அப்படியிருக்க, தன் பெயரிலுள்ள அமானிதத்தின் கணக்கு தனக்கே தெரியாமல் இருப்பது சரியாகுமா? மகன் நல்ல பிள்ளைதான். ஆனால் பணம் குறைந்துவிட்ட ஒரு நாளில், யார் எடுத்தது என்ற கேள்வி அந்த நல்ல பிள்ளையின் மீதுதான் முதலில் விழும். இரகசிய இலக்கத்தை உங்களிடமே வைத்துக்கொள்வது அவனையும் பாதுகாக்கும்.

வட்டியைப் பற்றிய கவலையும் நியாயமானதே. 2011இல் அமானா வங்கி முழுமையாக இஸ்லாமிய முறையில் இயங்கத் தொடங்கியது. வேறு சில வங்கிகளிலும் இஸ்லாமியப் பிரிவுகள் உண்டு. எந்தச் செயலியாக இருந்தாலும் ‘உடனடிக் கடன்’ என்று எழுதியிருந்தால் விபரம் கேட்காமல் தொடாதீர்கள்.

படிப்படியாகப் பழகுங்கள்

முதல் வாரம் மிச்சத்தை மட்டும் பாருங்கள். பார்ப்பதால் ஒரு சதமும் குறையாது. அடுத்த வாரம் உங்கள் தாத்தாவுக்கோ நானாவுக்கோ நூறு ரூபா அனுப்பிப் பாருங்கள். கட்டணம் எவ்வளவு என்பதை முதலில் கேட்டறியுங்கள். கணக்கு இலக்கத்தை இரண்டு தடவை சரிபார்த்து, வந்து சேர்ந்ததா என்று விசாரியுங்கள். மூன்றாவது வாரம் மின்சாரக் கட்டணத்தைச் செலுத்துங்கள். ஒவ்வொன்றையும் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மகனிடம் உதவி கேட்கலாம், ஆனால் போன் உங்கள் கையில் இருக்கட்டும். அவன் வாயால் சொல்லட்டும், நீங்கள் விரலால் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். போனுக்கு வரும் ஒருதடவைக் குறியீட்டை எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்றாலும், பரிசு விழுந்திருக்கிறது என்றாலும், நிவாரணம் தருகிறோம் என்றாலும் சொல்லக் கூடாது. வட்ஸ்அப்பில் வரும் இணைப்பின் வழியாக வங்கிக்குள் நுழையவும் கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்கு அழைத்துக் கணக்கை நிறுத்துங்கள். வங்கி உங்கள் முறைப்பாட்டைக் கவனிக்காவிட்டால், மத்திய வங்கியின் நுகர்வோர் தொடர்புப் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

வங்கிகளுக்கும் ஒரு வார்த்தை

செயலியில் தமிழ் இருந்தால் மட்டும் போதாது, அது எங்களுக்கு விளங்கும் தமிழாக இருக்க வேண்டும். அனுப்புமுன் பெறுபவரின் பெயரைப் பெரிய எழுத்தில் காட்டுங்கள். மாதத்தில் ஒரு நாள் ஒரு பெண் ஊழியரை ஊருக்கு அனுப்பி, பாடசாலை மண்டபத்திலோ மத்ரஸாவிலோ இருந்து சொல்லிக்கொடுக்க வையுங்கள். பரிசுச் சீட்டிழுப்புக்குச் செலவிடுவதில் சிறு பங்கு இதற்குப் போதும். பயம் தெளிந்த பெண் தானாகவே செயலியைத் திறப்பாள், பக்கத்து வீட்டுக்காரிக்கும் காட்டிக்கொடுப்பாள்.

சகோதரிகளே! அரிசிப் பானையில் எத்தனை கொத்து மிச்சம் என்பதை நீங்கள் யாரிடமும் கேட்பதில்லை. இனிப் பணத்தின் மிச்சத்தையும் கேட்க வேண்டாம். இன்றிரவு இஷாவுக்குப் பிறகு பிஸ்மி சொல்லிச் செயலியைத் திறந்து, இரகசிய இலக்கத்தை மாற்றுங்கள். அடுத்த மாதம் பணம் வந்து சேர்ந்ததும், வந்துவிட்டது என்று கணவருக்கு முதலில் அறிவிப்பவர் நீங்களாக இருக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ்.