பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் பஞ்சையும் கழுவலாமா?

மீன் சமைக்க என்ன வேண்டும்? அடுப்பு, சட்டி, எண்ணெய் என்பீர்கள். 1975-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் வின்சென்ட் பிரைஸ் என்ற திரைப்பட நடிகர் இவை எதுவுமின்றி மீன் சமைத்துக் காட்டினார். மீனை அலுமினியத் தாளில் இறுக்கமாகச் சுற்றிப் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் வைத்தார். இயந்திரம் ஓடி முடிந்தபோது மீன் வெந்திருந்தது!

இது வெறும் வேடிக்கையல்ல. அந்த இயந்திரத்துக்குள் நீரின் வெப்பநிலை 50 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. மீனின் புரதம் இறுகி வேக அது போதும். முட்டை ஒட்டிய தட்டில் எடுத்தவுடன் வெந்நீர் பட்டால் முட்டையும் இப்படியே வெந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும். இயந்திரங்கள் பெரும்பாலும் முதலில் குளிர்ந்த நீரால் அலசிவிட்டுப் பிறகு நீரைச் சூடாக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இயந்திரத்தை நடைமுறைக்கு ஏற்றதாக ஆக்கியவர் ஜோசபின் காக்ரேன் என்ற அமெரிக்கப் பெண்மணி. தம் பீங்கான் தட்டுகளின் விளிம்புகள் கழுவும்போது உடைவது அவருக்குப் பிடிக்கவில்லை. தட்டுகளை அசையாமல் கம்பிச் சட்டத்தில் நிறுத்தி, அவற்றின் மீது சூடான சோப்பு நீரைப் பீய்ச்சும் கருவியை அமைத்தார். 1886-ஆம் ஆண்டு டிசம்பர் 28-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் இருந்த உணவகங்கள் இக்கருவியைப் பயன்படுத்தின.

நாம் தேங்காய் நாரால் தேய்க்கிறோம். இயந்திரம் தேய்ப்பதே இல்லை. சுழலும் குழாய்க் கைகளிலிருந்து பாயும் நீரின் விசை, வெப்பம், நேரம், சலவைப் பொருளின் வேதிவினை ஆகிய நான்கும் சேர்ந்தே அழுக்கை அகற்றுகின்றன. அந்தச் சலவைப் பொருள் சாதாரணச் சோப்பு அன்று. அதில் சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா, பெருமளவில் இருக்கும். சோற்றுப் பசையைச் சிதைக்க ஒரு நொதி, புரதத்தைச் சிதைக்க மற்றொரு நொதி என்று சேர்த்திருப்பார்கள். கரைசல் நல்ல காரத்தன்மை உடையது. கையில் பட்டால் எரியும்.

ஆகவே இதற்குள் தட்டும் டம்ளரும்தான் போக வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. வெந்நீரையும் காரத்தையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும் எதுவும் போகலாம். பல்துலக்கி வைக்கும் குவளை, விளக்கின் கண்ணாடிக் கூடு, உறுதியான பிளாஸ்டிக் பொம்மைகள், ரப்பர் செருப்பு எல்லாவற்றையும் மேலைநாட்டு வீடுகளில் இப்படிக் கழுவுகிறார்கள். பிளாஸ்டிக் பொருள்களை மேல்தட்டில் வைப்பது வழக்கம். பல இயந்திரங்களில் நீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள் அடியில் இருப்பதால், கீழே வைத்த மெல்லிய பிளாஸ்டிக் இளகி வளைந்துவிடும். சலவைப் பொருள் எதையும் சேர்க்காமல் உருளைக்கிழங்கு கழுவுகிறவர்கள்கூட உண்டு. நான்கு கிழங்குக்காக இத்தனை நீரும் மின்சாரமும் வேண்டுமா என்பது எனக்குள்ள சந்தேகம்!

இந்தப் பட்டியலில் விஞ்ஞானிகளையே யோசிக்க வைத்த ஒரு பொருள் உண்டு. அது பாத்திரம் தேய்க்கும் நுரைப்பஞ்சு. ஈரமும் உணவுத் துணுக்கும் எப்போதும் இருக்கும் அதன் துளைகள் பாக்டீரியாக்களுக்கு நல்ல குடியிருப்பு. 2007-இல் அமெரிக்க விவசாயத் துறையின் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே அசுத்தமாக்கிய பஞ்சுகளைப் பல வழிகளில் சுத்தம் செய்து பார்த்தார்கள். சூடாக உலர்த்தும் வசதியுள்ள பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டபோது 99.9998 விழுக்காடு பாக்டீரியாக்கள் அழிந்தன.

பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றுகிறது அல்லவா? 2017-இல் ஜெர்மனியில் 14 பழைய பஞ்சுகளை ஆராய்ந்தவர்கள் வேறு விதமான செய்தியைச் சொன்னார்கள். சில இடங்களில் ஒரு கன சென்டிமீட்டர் பஞ்சில் 5,000 கோடிக்கும் அதிகமான பாக்டீரியாக்கள் இருந்தன. அது மட்டுமல்ல. வீட்டார் அடிக்கடி சுத்தம் செய்து வந்த பஞ்சுகளில், உடல் நலிந்தவர்களுக்கு நோய் தரக்கூடிய வகைகளுக்கு நெருங்கிய இரு இனங்களின் பங்கு கூடுதலாகவே இருந்தது.

இரண்டும் எப்படி உண்மையாக முடியும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 கோடியில் 99.9998 விழுக்காடு அழிந்தால் மிச்சம் எவ்வளவு? ஒரு லட்சம்! அவை அரைமணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து மணி நேரத்தில் பத்து முறை இரட்டித்து 10 கோடியாகிவிடும். உணவும் ஈரமும் குறையாமல் கிடைத்தால் பத்து மணி நேரத்துக்குள் பழைய எண்ணிக்கை வந்துவிடும். பிழைத்தவை வெப்பத்தை ஓரளவு தாங்கியவை என்றால் அடுத்த தலைமுறையும் அவற்றின் வழி வந்ததே. ஆகவே இயந்திரம் பஞ்சைச் சுத்தம் செய்வது உண்மை. அந்தச் சுத்தம் நெடுநேரம் நிலைக்காததும் உண்மை. பழையதை எறிந்துவிட்டு வாரம் ஒரு புதிய பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்பது ஜெர்மன் ஆய்வாளர்களின் யோசனை. நன்கு காயவிடுவதும் உதவும். ஈரமின்றி பாக்டீரியா பெருகாது.

இன்னொரு வியப்பு, மின்னணுக் கருவிகள். நீர் பட்டால் கெடும் என்று நாம் அஞ்சும் மின்சுற்றுப் பலகைகளைத் தொழிற்சாலைகளில் இதைப் போன்ற இயந்திரங்களில்தான் கழுவுகிறார்கள். பற்றாசு வைக்கும்போது ஒட்டிய இளக்கியை அகற்ற இது தேவைப்படுகிறது. ஆனால் அங்கே பயன்படுவது அயனிகள் நீக்கப்பட்ட நீர். அது காய்ந்தால் உப்புப் படிவு எதையும் விட்டுச் செல்லாது. பிறகு சூட்டில் முழுவதும் உலர்த்துகிறார்கள். மின்கலமோ நீர் புகக்கூடாத உறுப்போ அப்போது பலகையில் இருக்காது. வீட்டு இயந்திரத்தில் குழாய் நீரும் காரமும் இருப்பதால் கணிப்பொறியின் விசைப்பலகையை அதில் போட்டுப் பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

இயந்திரத்துக்குள் போகவே கூடாதவை சில உண்டு. மரக்கரண்டி நீரை உறிஞ்சி வீங்கி, காய்ந்ததும் வெடிக்கும். இரும்புத் தோசைக்கல்லில் நாளடைவில் எண்ணெய் இறுகி உண்டான பூச்சைக் காரம் அரித்துவிடும். அடுத்த நாளே துரு பிடிக்கும். மெல்லிய கண்ணாடிக் கிண்ணங்கள் பலமுறை கழுவியபின் மங்கிவிடுகின்றன. கடின நீரின் உப்புப் படிவாக இருந்தால் வினிகரில் கரையும். கண்ணாடியே அரிக்கப்பட்டிருந்தால் எதனாலும் போகாது.

அலுமினியம் கறுத்துவிடும். காரணத்தை நீங்களே பார்க்கலாம். ஆசிரியரை உடன் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணாடிக் குவளை வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரையுங்கள். உணவு சுற்றும் அலுமினியத் தாளில் ஒரு சிறு துண்டைப் போடுங்கள். சற்று நேரத்தில் தாளின் மீது நுண்ணிய குமிழிகள் எழும். அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடுப் படலத்தைக் காரம் கரைத்துவிட, உள்ளிருக்கும் உலோகம் நீருடன் வினைபுரிந்து ஹைடிரஜனை வெளிவிடுகிறது. அருகில் தீ இருக்கக்கூடாது; கரைசல் கண்ணில் படக்கூடாது. தாளை வெளியே எடுத்துப் பாருங்கள். பளபளப்பு போயிருக்கும்.

எல்லாவற்றையும் கழுவும் இந்த இயந்திரம் தானாவது சுத்தமாக இருக்கிறதா? 18 நாடுகளின் வீடுகளிலிருந்த 189 இயந்திரங்களைச் சுலோவேனிய ஆய்வாளர்கள் சோதித்து, முடிவை 2011-இல் வெளியிட்டார்கள். அவற்றில் 62 விழுக்காட்டில், கதவின் ரப்பர்ப் பட்டையில் பூஞ்சைகள் இருந்தன. வெப்பத்தையும் காரத்தையும் உப்பையும் தாங்கும் கறுப்பு ஈஸ்டு வகைகளும் அவற்றில் அடக்கம். அந்த ரப்பர்ப் பட்டையை மட்டும் இன்னும் கையால்தான் துடைக்க வேண்டியிருக்கிறது.