விடுதலைக்குப் பின்னும் மீளாத வருடங்கள்

"வழக்கில் வென்றுவிட்டார்தானே, இனியென்ன?" என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், எழுத்துலகில் அப்போதுதான் கால் பதித்த இளைஞனுக்கு வழக்கு எடுத்துச் செல்லும் காலத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தருவதில்லை.

மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்தவர் கவிஞர் அஹ்னாப் ஜஸீம். 'நவரசம்' என்ற அவரது கவிதைத் தொகுதி 2017இல் வெளிவந்தது. புத்தளம் மாவட்டத்தில் ஆசிரியராக இருந்த வேளையில், 2020 மே 16இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். நூலிலும் கற்பித்தலிலும் தீவிரவாதம் இருந்ததாகக் கூறப்பட்டது. அந்நூலிலோ போரையும் வன்முறையையும் கண்டிக்கும் கவிதைகள் இருந்தன.

குற்றப்பத்திரிகை இன்றியே ஒரு வருடத்துக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கைதிலிருந்து தீர்ப்பு வரை மூன்றரை வருடங்களுக்கு மேல்!

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவும் ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி, சுமார் நான்கு மாதங்கள் சிறையிலிருந்தார். 2021இல் அவ்வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

சகோதரிகளே, இத்தகைய வழக்குகளின் பாதிப்பு நீதிமன்றத்தோடு முடிவதில்லை. "எழுத்தெல்லாம் நமக்கு வேண்டாம் மகன்" என்று எத்தனை உம்மாமார் சொல்லியிருப்பார்கள்! அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும், பிள்ளையின் கவிதைக் கொப்பியை மூடி வைக்குமுன், அதை ஒருமுறை முழுதாக வாசித்துப் பாருங்கள். வாசிக்காமல் சந்தேகிப்பதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.