பாரில் ஏறும் கறுப்பு

குஜிலியம்பாறைப் பக்கம் கடலைக் காட்டில் பாடுபடும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “நாள் முழுக்க வெயிலில் கிடக்கிறோம். வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் தோலில் புற்றுநோய் வருகிறதாமே, எங்களுக்கு வராதா?” நியாயமான கேள்வி. ஆனால் இதற்குப் பதில் தேட வெயில் படும் முகத்தையும் முதுகையும் விட்டுவிட்டு, உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அவர் கேள்விப்பட்டிருப்பது மெலனோமாவைப் பற்றி. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்களில் பிறக்கிற புற்றுநோய் அது. கறுப்போ சிவப்போ, மனிதர் எல்லோருக்கும் இந்தச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். நம்முடையவை நிறமியை அதிகமாகச் செய்கின்றன, அந்த நிறமி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுகிறது. அதனால் ஆஸ்திரேலியாவில் பரவலாகக் காணப்படும் இந்த நோய் இந்தியாவில் ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. வரும்போதோ, பெரும்பாலும் வெயில் எட்டிப்பார்க்காத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி. இந்த வகையைத் தனியாகப் பிரித்து 1976-இல் விவரித்தவர் ரீட் என்ற அமெரிக்க மருத்துவர். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு வந்ததும் இதுதான். 1977-இல் வலது கால் பெருவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தார்கள். விரலை எடுத்துவிடச் சொன்னபோது தன் மதநம்பிக்கையைக் காட்டி மறுத்தார். 1981 மே 11 அன்று இறந்தபோது அவருக்கு வயது 36.

இந்த நோயைப் பற்றிப் படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட செய்தி ஒன்று உண்டு. உள்ளங்காலை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கைரேகை போலவே அங்கும் நெருக்கமான கோடுகள் ஓடும். தண்ணீர் பாய்ச்சும் தோட்டத்தில் பார் பிடித்திருப்போமே, அதே அமைப்பு. பார் மேடு, சால் பள்ளம், மறுபடி பார், மறுபடி சால். வியர்வைத் துளைகள் எல்லாம் பாரின் உச்சியில் வரிசையாகத் திறந்திருக்கும். சாலில் ஒன்றுகூட இருக்காது. சாதாரண மச்சத்தை ஒளியோடு கூடிய தோல் லென்ஸில் பார்த்தால் அதன் நிறம் பெரும்பாலும் சாலில் படிந்திருக்கும். மெலனோமா தொடங்கும்போது நிறம் பாரில் ஏறுகிறது. பார் அகலமாகக் கறுத்து, இடையில் சால் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் தோஷியாகி சைதாவும் அவருடன் இருந்தவர்களும் இதைப் பொறுமையாகப் பார்த்துப் பார்த்து நிறுவினார்கள்.

ஏன் அப்படி? வியர்வைக் குழாய் மேலேறி வருகிற பாதையை ஒட்டி, பாருக்கு நேர் கீழேதான் அந்தக் கெட்ட செல்கள் முதலில் பெருகுகின்றன. செருப்பு உரசி ரத்தம் கட்டினாலும், சாயம் பட்டாலும் பார் கறுப்பாகத் தெரியலாம். ஆகவே லென்ஸ் தீர்ப்புச் சொல்லாது, சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். முடிவு சொல்வது சதைப் பரிசோதனை. ஆனாலும் கத்தி வைப்பதற்கு முன்பே, கைக்குள் அடங்கும் ஒரு கருவியில், எந்தக் கோட்டில் கறுப்பு இருக்கிறது என்று பார்த்தே இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறது என்பது எனக்கு இன்னும் வியப்பு.

ஜப்பானிய ஆய்வாளர்கள் வேறொன்றும் கண்டார்கள். பாதத்தில் உடல் எடை அழுந்துகிற இடங்களிலேயே இந்தப் புற்று அதிகம் வருகிறது. அழுத்தம்தான் காரணம் என்று அதை வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அதே இடங்களில்தான் நமக்குக் கால் ஆணியும் வருகிறது. குழப்பம் இங்கேதான் ஆரம்பம்.

நம் பக்கத்தில் உள்ளங்காலில் எது வந்தாலும் ஆணி, இல்லையென்றால் முள் தங்கிவிட்டது. எருக்கம்பால் வைப்பார்கள், ஆணி பிளாஸ்திரி ஒட்டுவார்கள், பிளேடால் சீவுவார்கள். நகம் கறுத்தால் கல் இடித்தது என்று விட்டுவிடுவார்கள். சர்க்கரை நோயாளியின் காலில் ஆறாத புண் என்றால் சர்க்கரைப் புண் என்றே கட்டுப் போடுவார்கள். இந்தப் புற்று எப்போதும் கறுப்பாக இருக்க வேண்டியதில்லை, சில நேரம் சிவந்த சதை வளர்ச்சியாகவே வரும். மாதக்கணக்கில் இப்படிப் போய், தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பயணம். முகத்துக் கரும்புள்ளிக்குக் களிம்பு வாங்கக் காசு செலவழிக்கிறோம். நம்மைச் சுமக்கிற பாதத்தை வருஷத்துக்கு ஒரு தடவையாவது திருப்பிப் பார்க்கிறோமா? குனிய முடியாத வயதான அப்பா அம்மாவின் பாதத்தைப் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எதைப் பார்ப்பது? புதிதாக வந்து பெரிதாகும் கறை, குறிப்பாக 7 மில்லிமீட்டரைத் தாண்டியது. ஓரம் ஒழுங்கில்லாமல், ஒரே கறைக்குள் பல நிறம் காட்டுவது. ஆறாத புண். நகத்தைப் பொறுத்தவரை, நம் நிறத்தவருக்குப் பல நகங்களில் பழுப்புக் கோடு ஓடுவது சாதாரணம், பயம் வேண்டாம். ஒரே நகத்தில் மட்டும் புதுக்கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டிச் சுற்றுத்தோலில் இறங்கினாலோ காத்திருக்கக் கூடாது. சுற்றுத்தோலில் இறங்கும் அந்தக் கறுப்பை 1886-இலேயே ஜொனாதன் ஹட்சின்சன் என்ற மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார்.

சீக்கிரம் போனால் என்ன லாபம் என்பதை மில்லிமீட்டரில் சொல்லலாம். அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற மருத்துவர் 1970-இல் காட்டிய அளவு இன்றும் நிற்கிறது: தோலுக்குள் புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது? 1 மில்லிமீட்டருக்குள் என்றால் சுற்றிலும் 1 சென்டிமீட்டர் நல்ல தோலோடு வெட்டியெடுப்பதிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆபத்து மிக அதிகம். உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புது மருந்துகள் 2011 முதல் வந்திருக்கின்றன. அதற்கு வழி திறந்த ஆலிசனும் ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் உள்ளங்கால் வகைக்கு அவை மற்ற வகைகளுக்குக் கேட்கிற அளவு கேட்பதில்லை. நமக்குக் கத்தியும் காலமும்தான் முதல் மருந்து.

“கத்தி பட்டால் பரவிவிடும்” என்று சொல்லி சதைப் பரிசோதனைக்குப் பயப்படுகிறார்கள். மெலனோமாவில் அப்படிப் பரவுவதில்லை. பரிசோதிக்காமல் சுடுவதும் சுரண்டுவதும்தான் கெடுதல், ஆழத்தை அளக்கச் சதையே மிஞ்சாது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, மதுரை ராஜாஜி மருத்துவமனையிலோ தோல் பிரிவில் காட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். காலிலிருந்து எதை வெட்டியெடுத்தாலும், அது வெறும் ஆணி என்றே டாக்டர் சொன்னாலும், பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அறிக்கையில் மெலனோமா என்று வந்தால், பிரெஸ்லோ அளவு எத்தனை என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.