இருபது மீற்றர் எங்கே இருக்கிறது?

இறப்பர் என்றால் நமக்குச் செருப்பும் பந்தும் பள்ளிக்கூடப் பையில் கிடக்கும் அழிறப்பரும்தான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லைக் குண்டுக்கு முன்னால் ஒட்டியதும் குண்டின் மீதுள்ள பயத்தில் பாதி போய்விடுகிறது. 2011இல் கட்டுநாயக்க, 2013இல் வெலிவேரிய, 2022இல் ரம்புக்கன என்று ஆர்ப்பாட்டங்களில் உயிர்கள் போன ஒவ்வொரு முறையும், ஈயக் குண்டுக்குப் பதிலாக இறப்பர் குண்டைச் சுட்டிருக்கக் கூடாதா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் அது இன்னும் நியாயமாகப் படும். ஈயக் குண்டு ஒரு ஊரை என்ன செய்யும் என்பதை பொதுமக்கள் சுட்டுக்கொல்லப்பட்ட 1998 பெப்ரவரி 1க்குப் பிறகு அங்குள்ள பாரதிபுரத்துக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு பிழையான நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. உயிரைக் காப்பது குண்டின் மென்மை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் காப்பாற்றுவது சுடுபவருக்கும் படுபவருக்கும் இடையில் கிடக்கும் தரை. அந்தத் தரை நம்முடைய சந்திகளில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

இந்தக் குண்டின் பிறப்பே தரையை நம்பியதுதான். ஹொங்கொங்கில் பிரித்தானியர் பாவித்த மரக்குண்டை முன்மாதிரியாக வைத்து, 1970இல் வட அயர்லாந்தின் தெருக்களுக்கு இறப்பர் குண்டு வந்தது. 38 மில்லிமீற்றர் தடிப்பும் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட உருளை அது. நேரே ஆளைச் சுடக்கூடாது, தரையில் சுட்டு அது துள்ளிப் போய்க் காலில் படவேண்டும் என்பதே ஏற்பாடு. உருண்டைப் பந்தே கல்லில் பட்டால் சொன்ன இடத்துக்குப் போகாது; உருளை எங்கே போகும்? பின்னர் அதன் இடத்துக்கு பிளாஸ்டிக் குண்டு வந்தது. அதன் எடை 135 கிராம் அளவு. கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். உலகின் அதிவேகப் பந்துவீச்சாளரின் பந்துகூட மணிக்கு 160 கிலோமீற்றர் அளவில்தான் வரும். இந்தக் குண்டோ 200ஐத் தாண்டி வருவது. தலைக்கவசம் இல்லாத முகத்துக்கு அது வந்தால் என்ன ஆகும் என்று மைதானத்தில் நின்ற எவருக்கும் தெரியும். அதனால்தான் உயிராபத்து இல்லாத வேளையில் 20 மீற்றருக்கு உள்ளே சுடக்கூடாது என்று அங்கே விதி எழுதினார்கள். விதி இருந்தும் 1972 முதல் 1989 வரை 17 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிள்ளைகள்.

சுடப்பட்ட குண்டுகள் ஒரு இலட்சத்துக்கும் மேல், இறந்தவர் 17 பேர், இது சிறிய விகிதம்தானே என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. சாவை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். 2017இல் மருத்துவ ஆய்வாளர் சிலர் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து, இவ்வகைக் குண்டுகளால் காயப்பட்ட 1,984 பேரின் விபரத்தை ஒன்றுசேர்த்தார்கள். அவர்களில் 53 பேர் இறந்திருந்தார்கள். 300 பேர் நிரந்தர ஊனத்தோடு எஞ்சினார்கள். சாவுகளில் ஏறத்தாழப் பாதி தலையிலும் கழுத்திலும் பட்ட அடியால் வந்தவை. நிரந்தர ஊனங்களில் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவையும் அங்கே பட்ட அடியால்தான் வந்தன. காலுக்குக் குறிவைக்கும் ஆயுதம் தலையில் படுவது ஏன்? கிட்ட நின்று சுட்டால் வேகம் குறையாமல் எலும்பை உடைக்கிறது. எட்ட நின்று சுட்டால் குறி தவறி யாரோ ஒருவரில் படுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய துண்டுத் தரை இருக்கிறது. அங்கே நிற்பவருக்கு மட்டும்தான் இது "உயிர் குடிக்காத" ஆயுதம்.

இனித் தம்பலகாமத்தின் தரையைப் பார்ப்போம். வயலை விட உயர்த்திப் போட்ட வீதி, இரண்டு பக்கமும் வாய்க்கால், அதற்கப்பால் நெல். பெரும்போகத்தில் வயல் முழுவதும் சேறும் தண்ணீரும். கலைந்து போ என்று கட்டளை வந்தால் கூட்டம் முன்னுக்கோ பின்னுக்கோதான் போகலாம், பக்கவாட்டில் வழியில்லை. இங்கே மக்கள் வீதிக்கு இறங்குவது உரத்துக்காகவும் நெல் விலைக்காகவும் தண்ணீருக்காகவும் காணிக்காகவும். 2021இல் இரசாயன உரத் தடை வந்தபோது நாடெங்கும் கமக்காரர் கூடியது இப்படியான சந்திகளில்தான். சந்தி என்றால் தேத்தண்ணிக் கடை, பஸ் தரிப்பிடம், ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள். முன்வரிசைக்கும் பொலிஸ் வரிசைக்கும் நடுவே கைநீளம்தான் இருக்கும். இருபது மீற்றர் என்பது இரண்டு பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளம். அந்த இடைவெளி கிடைத்துவிட்டால் கூட்டம் ஏற்கனவே பின்வாங்கிவிட்டது என்று பொருள்; பிறகு சுடுவதற்கு என்ன காரணம் மிஞ்சும்?

ஒரு தோட்டாவுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டு இருந்தால் இந்தத் தூரக் கணக்கும் குலைந்துவிடும். காஷ்மீரில் பாவிக்கப்பட்ட பெலட் துவக்கின் ஒரு தோட்டாவில் நூற்றுக்கணக்கான ஈயச் சிறுமணிகள் இருந்தன. விசையை அழுத்தியதும் அவை விரிந்து பரவும். கல்லெறிந்தவன், வேடிக்கை பார்த்தவன், யன்னலில் நின்ற பிள்ளை என்று பிரித்தறியாது. 2016 கோடையில் அங்கே நூற்றுக்கணக்கானவர்களின் கண்கள் பாதிக்கப்பட்டன. சிலியில் 2019 ஆர்ப்பாட்டங்களின்போது ஒரு தோட்டாவில் 12 குண்டு. கண் காயங்கள் 400ஐத் தாண்டின. அந்த "இறப்பர்" குண்டை அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று சோதித்தபோது அதில் இறப்பர் 20 வீதம்தான் இருந்தது. மீதி சிலிக்கா, பேரியம் சல்பேற்று, ஈயம் போன்ற கடினப் பொருட்கள்.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எப்படிப் பார்த்தாலும் ஈயக் குண்டை விட இது மேல் அல்லவா? ஈயத்தின் இடத்தை இறப்பர் பிடிக்குமானால் மேல்தான். ஆனால் அது பிடிப்பது வேறு இடத்தை. 2010இல் காஷ்மீரில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்த கொந்தளிப்பின்போது பெலட் துவக்கு ஒரு கருணையாகத்தான் கொண்டுவரப்பட்டது. ஆறு ஆண்டு கழித்து அங்கே பெலட்டும் இருந்தது, உயிர்ச்சேதமும் இருந்தது. 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெரி நகரில் நீர்த்தாரையும் கண்ணீர்ப்புகையும் இறப்பர் குண்டும் ஒரே பிற்பகலில் பாவிக்கப்பட்டன. அதே பிற்பகலில் உண்மைக் குண்டும் வெடித்தது. 13 பேர் அன்றே இறந்தார்கள். படிக்கட்டில் இன்னொரு படியைச் சேர்த்தால் மேல்படி இல்லாமல் போவதில்லை, ஏறுவது இலகுவாகிறது. இறப்பர் குண்டு உண்மையில் வெளியேற்றுவது குண்டாந்தடியையும், அதற்கு முந்திய பேச்சையும் பொறுமையையும்தான். கையை ஓங்க யோசிப்பவரும் "இது இறப்பர்தானே" என்று விசையை அழுத்த யோசிக்கமாட்டார்.

இந்த நாட்டில் இறப்பர் குண்டு இன்னும் பரவலாகவில்லையே, இப்போது எதற்கு இந்தக் கவலை என்றும் கேட்கலாம். கண்ணீர்ப்புகையை நாம் புகையாக மட்டும் பார்ப்பதால் வரும் கேள்வி இது. அந்தப் புகையைச் சுமந்து வருவதும் துவக்கிலிருந்து பாயும் ஒரு குழல்தான். பொலிஸார் வழக்கமாகப் பாவிக்கும் கண்ணீர்ப்புகைக் குண்டின் எடை 25 முதல் 50 கிராம். 2019இல் ஈராக்கில் பாவிக்கப்பட்ட இராணுவ வகைக் குண்டுகள் 220 முதல் 250 கிராம் வரை இருந்தன. மண்டையைத் துளைத்து உயிரைப் பறித்தன. புகையும் இடத்தைப் பொறுத்ததே என்பதற்கு யாழ்ப்பாணமே சாட்சி. 1974 ஜனவரி 10 அன்று தமிழாராய்ச்சி மாநாட்டுக்குத் திரண்ட கூட்டத்தின் நடுவே கண்ணீர்ப்புகை வந்தது. அந்தக் குழப்பத்தில் மின்கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் போயின. கலைப்பதற்கென்று எடுத்த ஆயுதம் எது என்பதை மட்டும் வைத்து அந்த இரவை விளக்க முடியாது; அது நிகழ்ந்த நெரிசலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம், பொது அமைதியைக் குலைக்கக்கூடிய ஐந்து பேர் கூடினாலே கலையும்படி கட்டளையிடும் அதிகாரத்தை இன்ஸ்பெக்டர் தரத்திலிருந்து தருகிறது. அவசியமான அளவு பலம் பாவிக்கவும் இடம் கொடுக்கிறது. அந்தப் பிரிவில் மீற்றர் கணக்கு இல்லை. ஐக்கிய நாடுகள் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் சற்று முன்னே போய், உடனடிக் காயத்தை விளைவிக்கக்கூடிய ஒரு தனி ஆளின் அடிவயிற்றுக்கோ காலுக்கோ மட்டும் குறிவைக்கச் சொல்கிறது. ஓடும் கூட்டத்தில் அந்தத் தனி ஆளைப் பிரித்தெடுப்பது எப்படி என்பது சுடுபவரின் பாடு.

இன்னொரு தூரம் பற்றி யாரும் பேசுவதில்லை. அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய கவலை. கண்விழி கிழிந்தால் ஒரு நாளுக்குள் தைக்கவேண்டும் என்கிறது வைத்தியம். தாமதித்தால் கிருமி ஏறும், விழித்திரை கழலும், சில வேளை மற்றக் கண்ணும் பாதிக்கப்படும். தம்பலகாமத்திலிருந்து திருகோணமலை நகரம் ஏறத்தாழ 24 கிலோமீற்றர். விழித்திரைச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் பயணம் அங்கேயும் முடியாமல் மாவட்டத்துக்கு வெளியே நீளலாம். ஆர்ப்பாட்டத்தால் மறிக்கப்பட்ட அதே வீதியில்தான் அம்புலன்ஸும் வரவேண்டும். இதற்கு மேல், காயம்பட்டவர் தன்னைக் கலகக்காரர் என்று எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில் வைத்தியசாலைக்கே போகாமல், ஒரு கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் படுத்திருப்பார். அவர் எந்தக் கணக்கிலும் ஏறமாட்டார். கொழும்பு நெஞ்சில் கைவைத்துச் சொல்லும், பெரிய காயம் எவருக்கும் இல்லை என்று. நாற்று நடவும் கதிர் அறுக்கவும் உழவு இயந்திரம் ஓட்டவும் இரண்டு கண்ணும் வேண்டிய ஊரில், ஒரு கண் போவது ஒரு குடும்பத்தின் போகம் போவதாகும்.

கல் வந்து விழும்போது எதிரே நிற்கும் பொலிஸ்காரரும் ஒரு வீட்டின் பிள்ளைதான். அவரை வெறுங்கையோடு நிறுத்தமுடியாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். வட அயர்லாந்தில் 1989க்குப் பிறகு இந்தக் குண்டால் சாவு இல்லை என்பதும் உண்மை. அங்கே குண்டு மட்டும் மாறவில்லை; சுட்ட பிறகு பொலிஸுக்கு வெளியே ஒருவர் வந்து ஏன் சுட்டாய் என்று கேட்கும் ஏற்பாடும் வந்தது. அந்தக் கேள்வியை இறக்குமதி செய்யாமல் குண்டை மட்டும் இறக்குமதி செய்தால், முதல் இருபது ஆண்டுக் கதையைத்தான் நாம் திரும்பப் பார்ப்போம். எனவே கொள்வனவுப் பத்திரத்தில் கையெழுத்திட முன்னர் ஒரு சின்ன வேலை செய்யலாம். ஒரு அளவு நாடாவை எடுத்துவந்து, பொலிஸ் வரிசை வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒரு முனையைப் பிடித்து, சந்தியில் 20 மீற்றர் அளந்து பார்க்கட்டும். மறுமுனை யாருடைய கடை வாசலில், எந்தப் பஸ் தரிப்பிடத்தில், எந்த ரியூசன் வகுப்பின் யன்னலில் போய் முட்டுகிறது என்று குறித்துக்கொள்ளட்டும். அதன் பிறகு அந்தக் குண்டுக்கு என்ன பெயர் வைப்பதென்று முடிவு செய்யலாம்.