திருத்திய பின்னும் பழைய பெயரே ஏன் தெரிகிறது?

எம்பி3 பாடலின் பெயரைத் திருத்திய பிறகும் பிளேயரில் பழைய பெயரே நிற்பது ஏன்? ஒரே தகவல் இரண்டு இடங்களில் இருப்பதால்தான். ஒன்று, கோப்புக்குள்ளேயே இருக்கும் ஐடி3 குறிப்பு. 1996இல் வந்த அதன் முதல் வடிவம் கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் அடங்கியது. பாடல் பெயருக்கு 30 பைட்டுகள்தான். (யூடிஎஃப்-8 முறையில் தமிழில் ‘கா’ என்று எழுதவே 6 பைட்டுகள் வேண்டும்.) அடுத்து வந்த வடிவம் கோப்பின் தொடக்கத்துக்கு இடம் மாறி இந்த நெருக்கடியைத் தீர்த்தது. மற்றொன்று, பிளேயர் தன் தரவுத்தளத்தில் எடுத்துவைக்கும் நகல்.

நகல் எதற்கு, ஒவ்வொரு முறையும் கோப்பையே படிக்கலாமே என்று கேட்கலாம். ஒரு பாடகரின் பட்டியலைத் தர பத்தாயிரம் கோப்புகளைத் திறக்க வேண்டுமென்றால் காத்திருந்தே அலுத்துவிடும். அதனால் பல பிளேயர்கள் நகலையே காட்டுகின்றன; அது பழையதாகிவிட்டதா என்று அறிய கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை மட்டும் ஒப்பிடுகின்றன. அந்த நேரம் மாறாமல் குறிப்பு மட்டும் திருத்தப்பட்டால் அது அவற்றின் கண்ணில் படாது. கோப்பு, நகல் இரண்டில் எது மூலம்? கோப்புதான் என்பேன். எழுதும்போது மின்சாரம் போனால் கோப்பே கெடலாம் என்ற அச்சம் நியாயமானதுதான். முன்பே ஒரு பிரதி எடுத்துவைத்தால் அது தீரும். தரவுத்தளம் அழிந்தாலோ கோப்புகளிலிருந்து மீண்டும் உருவாக்கலாம். கோப்பில் ஏறாத திருத்தம் கணினி மாறும்போது தொலைந்துபோகும். ஆகவே திருத்தத்தைக் கோப்பிலேயே எழுதுங்கள்; பிறகு பிளேயரின் பாடல் நூலகத்தை முழுமையாக மறுபடி படிக்கச் செய்யுங்கள்.